சத்தம் குறைந்த சைலன்சர்

திருவெம்பாவைப் பூசைக்கு அதிகாலை ஐந்து மணிக்கே என் 1968ஆம் ஆண்டு மொரிஸ் மைனரில் வந்துவிடுவேன். இலண்டன் தெரு அப்போது நல்ல உறக்கத்தில் இருக்கும். சென்ற மார்கழியில் கோயிலின் எதிர்வீட்டு ஆங்கிலேய மூதாட்டி, "உங்கள் மணியோசை எனக்குப் பிடிக்கும். உங்கள் கார்தான் என்னை எழுப்பிவிடுகிறது" என்றார். வெட்கமாய்ப் போயிற்று.

கராஜில் மலிவாகப் பூட்டியது, கண்ணாடி நார் அடைத்த நேர்க்குழாய்ச் சைலன்சர். நார் கழியக் கழிய உறுமல் கூடிற்று. இம்முறை தடுப்பறைகள் உள்ள பெரியதையே கேட்டு வாங்கினேன். சத்தம் அறைக்கு அறை மோதித் தணிந்துவிடும். கிட்டிய ஓட்டத்தில் குழாய் சரியாகச் சூடேறாமல் உள்ளே நீர் தங்கித் துருவேறும் என்பதால் துருப்பிடிக்காத எஃகில் எடுத்தேன். விலை கூடத்தான். வேகம் குறையாதா என்றான் மகன். மைனருக்கு எப்போது வேகம் இருந்தது?

மூதாட்டியிடம் விசாரித்தேன். இப்போது நம் எல்லோருடைய கார்க் கதவுகளும் சாத்தும் சத்தம் கேட்கிறதாம்.