மூச்சுக்கு ஏற்ற ஊர்

விருத்தாசலத்தில் செராமிக் சூளைகளுக்கு அருகே வளர்ந்தவள் என் மாணவி. மார்கழிப் பனி இறங்கினால் வீசிங் வந்துவிடும். மேற்படிப்புக்கு எடின்பரோவிலும் மெல்பர்னிலும் இடம் கிடைத்திருக்கிறது. "எங்க மேம் குளிர் கம்மி?" என்று என்னைக் கேட்டவள், இன்ஹேலர் வைத்திருப்பதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய்விடும்.

எனக்கும் அப்படித்தான். வெளியூரில் எம்.ஏ. படிக்கக் கிளம்பியபோது, "இந்த இளைப்போட எங்க போற?" என்றார் அப்பா. அதே இளைப்போடு கல்யாணம் செய்துவைத்தார்.

குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும், உண்மைதான். ஆனால் குளிர் குறைந்த ஊர் என்று மெல்பர்னை நம்பிவிடவும் முடியாது. 2016 நவம்பரில் அங்கே இடிமழையோடு புல் மகரந்தம் பரவி, ஆஸ்துமாவால் 10 பேர் இறந்தார்கள்.

ஆனந்திபாய் ஜோஷி 1883இல், உடல்நலம் குன்றியிருந்தபோதே, பிலடெல்பியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். 1886இல் பட்டம், மறுவருடம் காசநோயில் மரணம், 21 வயது. பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் என்பார்கள். கேம்பிரிட்ஜ் போன ராமானுஜனும் நோயோடுதான் 1919இல் திரும்பினார், அடுத்த வருடமே இறந்தார். அவரைக் காட்டி எந்தப் பையனையும் யாரும் நிறுத்தியதில்லை.

போன வாரம் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான்.