இருவாச்சிக்கு ஒரு கொம்பு

தேயிலைத் தோட்டத்துப் பழைய இரும்பில் பறவைகள் நிறைய இருக்கின்றன. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது மலேசியாவின் கேமரன் மலையில் கொழுந்தைக் கையால்தான் கிள்ளினார்கள். பிறகு கத்தரி வந்தது, அதன் பிறகு இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம். ஒதுங்கிப்போன கத்தரிகள்தான் லெம்பா பெர்த்தாமில் என் பட்டறைக்கு வருகின்றன.

தேய்ந்த கத்தரியை எடுத்தால் கொக்கின் மூக்குதான் எனக்கு முதலில் தெரியும். அதை நான் வளைப்பதில்லை, மெருகேற்றுவதுமில்லை. சாணை பிடித்துப் பிடித்து மெலிந்த அந்த விளிம்பு, யாரோ ஒருவர் சரிவில் நின்று வருஷக்கணக்கில் வெட்டியதால் வந்தது. அதை அழித்துவிட்டு என்ன கலை?

1942-ல் பிக்காசோ சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். அதில் காளையும் தெரியும், சைக்கிளும் தெரியும். சென்னையை அடுத்த சோழமண்டலத்தில், கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் உருவாக்கிய ஓவியர் கிராமத்தில், அவர் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் புராண உருவங்களை எழுப்பினார். பெரிய கலைஞர், மறுப்பில்லை. அங்கே உலோகம் சிற்பியின் எண்ணத்துக்குப் பணிகிறது. எனக்கோ, இரும்பு தன் பழைய வேலையை மறக்காமல் பறவையாக வேண்டும்.

இதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் இரும்பு எல்லாம் ஒரே குணமில்லை. சாதாரணக் கம்பி சொன்னபடி ஒட்டும். கத்தரி அலகும் லாரி ஸ்பிரிங் பட்டையும் கரி மிகுந்த எஃகு. பற்றவைத்ததும் சட்டென்று ஆறினால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். இங்கத்திய மலைக்காற்று அதற்குத் துணைபோகும். அதனால் ஸ்பிரிங் பட்டையை முன்கூட்டியே சூடேற்றி, பற்றவைத்த பின் உலர்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுகிறேன். கத்தரியில் காம்பை மட்டுமே தொடுகிறேன், அலகில் தீ படவிடுவதில்லை. காய்கறிக் கூடாரங்களின் குழாய்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மேலே துத்தநாகப் பூச்சு இருக்கும். தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால் அந்தப் புகை இரவில் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பழகவரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

வாங்க வருபவர்கள் பளபளப்பாகப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். நான் துருவைத் தேய்த்துவிட்டு எண்ணெய் மட்டும் பூசித் தருகிறேன். கைப்பிடியில் உள்ளங்கை பட்டு வழவழப்பான இடம் அப்போதுதான் தெரியும்.

இப்போது மேசையில் ஒரு இருவாச்சி நிற்கிறது. இறகெல்லாம் கத்தரி அலகுகள், கண் ஒரு பேரிங் குண்டு. அலகின் மேல் நிமிரும் கொம்புக்கு மோட்டார் சைக்கிள் புகைக்குழாயின் வளைவு சரியாக வரும் என்று தோன்றுகிறது. நாளைக்கு ரிங்லெட் பக்கம் போய்த் தேட வேண்டும்.