திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பிடி அரிசி

எங்கள் வீடு திருவள்ளூரில். மகள் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய், மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, வேறு வண்டி பிடித்து வடக்கே போக வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகிற கதை! போன மாதம் ஒரு நாள் அப்படித்தான் கிளம்பினேன். பையில் பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், காலஞ்சென்ற என் தாயாரின் பழைய வேதப்புத்தகம். மனசில் ஒரு பாரம்.

விஷயம் இதுதான். மகள் வேலையில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஷிஃப்ட் வேலை. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வருவது அபூர்வம். மாதம் ஒரு தடவை ஆராதனைக்குப் போனால் அதிகம். "நான் என்னம்மா பண்ண?" என்றாள். "பாட்டி வளர்த்த பொண்ணா நீ?" என்று போனில் கத்திவிட்டேன். அதோடு பத்து நாள் பேச்சில்லை.

என் தாயார் ராணிப்பேட்டைப் பக்கம் பிறந்து, திருவள்ளூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. யாருக்கும் உட்கார்ந்து பிரசங்கம் செய்ததில்லை. வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசைதோறும் வெளியூர் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அன்றைக்கு எங்கள் வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் இருக்கும். "தாகத்துக்கு ஏதுடி மதம்?" என்பார்.

அவருடைய பக்தி முழுவதும் அடுப்படியில் ஒரு தகர டப்பாவில் இருந்தது. சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். டப்பா நிறைந்ததும் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார்கள். கையில் காசு புழங்காத பெண்களும் தங்கள் கையால் கொடுக்கக்கூடிய காணிக்கை அது.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். அப்பாவுக்குச் சம்பளம் வராத ஒரு மாதக் கடைசி. பானையில் இருந்ததே ஒன்றரை ஆழாக்கு. அம்மா அதிலும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நமக்கே இல்லை, இது எதுக்கு?" என்று அழுதேன். அம்மா என் கையைப் பிடித்து டப்பாவுக்குள் வைத்தார். "இந்த ஒரு பிடியால நம்ம வயிறு ரொம்பிடாது பாப்பா. ஆனா எடுத்து வைக்கலேன்னா, கை கொடுக்க மறந்துபோயிடும்" என்றார். அன்றைக்குப் புரியவில்லை.

அம்மாவுக்குத் தன் ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பெருமை அதிகம். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்தான் அவர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா மிஷன் டாக்டர். 'எனக்கு இந்த ஊழியமெல்லாம் வேண்டாம்' என்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண், 1890-ல் தாயார் சோபியாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். வந்த இடத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். மூன்றும் பிரசவக் கேஸ். ஆண் டாக்டர் கூடாது, பெண்தான் வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை மாற்றியது. அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்துவிட்டார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

"அவங்கம்மா வா வான்னு இழுத்தாங்களா? உடம்பு முடியாம கட்டில்ல படுத்திருந்தாங்க, அவ்வளவுதான். மீதியை ஆண்டவர் பார்த்துக்கிட்டார்" என்று அம்மா முடிப்பார். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. போனில் நான் கத்தியதும் நினைவுக்கு வந்தது.

மூர்மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, எண்ணூர் தாண்டியதும் வண்டி பாலத்தின் மேல் போகிறது. கீழே கொசஸ்தலை ஆறு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூண்டியில் 1944-ல் அணை கட்டித் தேக்கிய அதே ஆறுதான். நமக்கு முன்னாலேயே இங்கே வந்து கடலில் சேர நிற்கிறது! அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பச்சை வயல். கவரைப்பேட்டைக்கு அடுத்தது கும்மிடிப்பூண்டி.

சிப்காட்டுக்குள் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளும் வேறு பல தொழிற்சாலைகளும் இருக்கின்றன. லாரிகள் கிளப்பும் தூசிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். டீக்கடையில் தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒரியாவும் காதில் விழுந்தன. வீட்டை விட்டு எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கோ ஓர் ஊரில் என்னைப்போல ஒருத்தி கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

மகள் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தாள். ஒரே ஒரு அறை, மூலையில் காஸ் அடுப்பு. என்னைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்க் கட்டிக்கொண்டாள். "நீ உட்காரு, நான் சமைக்கிறேன்" என்று அரிசியைத் தேடினேன். அலமாரியில் இரண்டு டப்பா. சின்னதைத் திறந்தேன். அதிலும் அரிசி, கால் டப்பா அளவுக்கு.

"அதை எடுக்காதம்மா, அது பிடியரிசி" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால், வாசகியரே, என் வீட்டில் அந்த டப்பா இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா காலமான பிறகு, இன்றைக்கு நாளைக்கு என்று நானே விட்டுவிட்டேன். கோவிலுக்கு ஒரு ஞாயிறு தவறாமல் போகிறேன், அது வேறு.

"பாட்டி கோவில்ல கொடுப்பாங்க. எனக்குத்தான் போக முடியலையே. பக்கத்து ரூம்ல ஒரிசாக்காரங்க, கைக்குழந்தை வேற. அவருக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு வாரம் வேலைக்குப் போகல. அவங்ககிட்ட கொடுத்தேன். தப்பாம்மா?"

"தப்பில்லடி கண்ணு" என்றேன். வேறென்ன சொல்ல?

தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் பவுல், அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்கிறார். எங்கள் வீட்டில் நடுவில் இருக்கிற ஐனிக்கேயாள் கொஞ்சம் தூங்கிவிட்டாள். பாட்டியும் பேத்தியும் விழித்திருந்தார்கள்!

வேதப்புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, சேர்ந்து ஜெபித்துவிட்டுப் புறப்பட்டேன். அவள் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. லீவு கிடைக்கிற ஞாயிறு கட்டாயம் போகிறேன் என்றிருக்கிறாள். ஆனால் இனிமேல் போனில் கத்த மாட்டேன். பிள்ளைகள் நம் வாயைவிட நம் கையைத்தான் அதிகம் பார்த்து வளர்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

திருவள்ளூர் வந்து சேர ராத்திரி எட்டரை ஆகிவிட்டது. உலை வைத்து அரிசி அளந்தேன். காலியான காப்பித்தூள் டப்பா ஒன்றைத் துடைத்து எடுத்து வந்து, முதல் பிடியைப் போட்டேன்.