காத்திருப்பின் கணக்கு

2025 ஜூன் இறுதியில், திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் துறைத் தலைவர் மருத்துவர் ஹாரிஸ், கருவிகள் இல்லாமையால் அறுவை சிகிச்சைகள் தடைபடுவதாக முகநூலில் எழுதினார். மாநிலமே அதை விவாதித்தது. அரசு குழு அமைத்தது. சில நாள்களில் கருவிகள் வந்தன. அந்தத் தாமதத்துக்குக் கற்றறிந்த ஒரு சாட்சி இருந்தார்.

உறக்க மூச்சுத்தடை நோயாளியின் தாமதத்துக்குச் சாட்சி வாய்ப்பது அரிது. அவர் உறங்கும்போதே நோய் நிகழ்கிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு மூச்சை மீட்கிறது. காலையில் அவரிடம் எஞ்சுவது தலைவலியும் அயர்வுமே. இரவில் நடந்ததை அருகில் படுத்திருந்தவர்தாம் அறிவார்.

மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் நோய் கடுமையானது என்பது மருத்துவ வரையறை. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும். 7 மணி நேர உறக்கத்தில் அது 210 தடை. சிபாப் கருவி கைக்கு வர 60 நாள் ஆனால் 12,600. கோப்பிலோ அந்த 60 நாளும் 'பரிசீலனையில்' என்ற ஒற்றைச் சொல்லாகவே நிற்கும்.

மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் இம்முறையைச் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் வெளியிட்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2021 ஜூனில், ஒலி தணிக்கும் நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது. மாற்றுக் கருவிக்காக உலகெங்கும் நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஆகவே, தாமதம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று.

காத்திருக்கும் நாள்களிலும் செய்யத்தக்கவை உண்டு. ஒருக்களித்துப் படுத்தல், தலைப்பக்கத்தை உயர்த்துதல், மதுவைத் தவிர்த்தல், மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்ளாமை, அயர்வோடு வாகனம் ஓட்டாமை ஆகியன அவை. உறக்கப் பரிசோதனை அறிக்கையின் நகலும் அழுத்த அளவு குறித்த மருந்துச்சீட்டும் கையிலிருந்தால், இடைக்காலத்துக்குக் கருவியை வாடகைக்கு எடுக்கவும் இயலும். எனினும் வாடகை எல்லோர்க்கும் எட்டுவதன்று. பிற முறைகள் கடுமையான நோய்க்குக் கருவியின் இடத்தை நிரப்பா.

1990-இல் உள்நாட்டு இதய வால்வை நோயாளிக்குப் பொருத்திய சித்திரைத் திருநாள் நிலையம் இந்நகரில்தான் இருக்கிறது. ஆற்றலுக்கு இங்கே குறைவில்லை. காத்திருப்போர் பட்டியலில் விண்ணப்ப நாளோடு நோயின் கடுமையும் எழுதப்படட்டும். தாமதமும் நோயின் ஒரு பகுதியே என்பதை அலுவலகம் உணர, அந்த ஒரு வரியே தொடக்கமாகும்.