65 டாலர் சந்தாவும் 26 கிலோ மூட்டையும்

மிஸ்ஸிசாகாவில் இருக்கும் என் மகள் வருஷத்துக்கு 65 டாலர் கட்டி ஒரு கடைக்குள் நுழையும் உரிமையை வாங்கி வைத்திருக்கிறாள். கனடா டாலர்தான், இருந்தாலும் நம் கணக்கில் ஏறக்குறைய 4,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு பொட்டலம் உப்பு கூடத் தர மாட்டார்கள். வாசலில் அட்டையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். கோயிலில் சிறப்புக் கட்டண தரிசனம் பார்த்திருக்கிறேன். துவரம்பருப்பைத் தரிசிக்கக் கட்டணம் என்பது எனக்குப் புதிது.

கடையின் பெயர் காஸ்ட்கோ. பிள்ளைகளைப் பார்க்கக் கனடா, அமெரிக்கா போய் வந்த உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். கடை என்றா சொல்வது? ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி நாம் பார்த்த கொடவுன்களைப் போலத்தான் இருக்கிறது. சிமெண்ட் தரை, இரும்புத் தாங்கிகள், பிரிக்காத அட்டைப்பெட்டிகள். கனடா என்பதால் டப்பாக்களில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, சென்னையில் குமாஸ்தாவாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஐம்பது வருஷம் கழித்து அந்த மொழி கொண்டைக்கடலை மூட்டையைப் படிக்க உதவியது. பிரெஞ்சில் கடைக்கு 'மகஸேன்' என்று பெயர். அரபியில் கிடங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'கொடவுன்' என்ற சொல்லே நம் 'கிடங்கு' சுற்றிக்கொண்டு திரும்பி வந்ததுதான் என்று சில அகராதிக்காரர்கள் சொல்வார்கள்.

இந்த வியாபாரம் 1976ல் அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் தொடங்கியது. சால் பிரைஸ் என்பவர் பழைய விமானக் கொட்டகை ஒன்றை எடுத்து 'பிரைஸ் கிளப்' என்று திறந்தார். ஆரம்பத்தில் சிறு வியாபாரிகளுக்கு மட்டும்தான் அட்டை. காஸ்ட்கோ 1983ல் சியாட்டிலில் ஆரம்பமானது. 1993ல் இரண்டும் ஒன்றாயின. மொத்தம் சுமார் 4,000 வகைச் சாமான்தான் வைப்பார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இதைப்போல் பல மடங்கு இருக்கும். வாங்கிய விலைக்கு மேல் 14, 15 சதவீதத்துக்கு அதிகமாக வைப்பதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. அப்புறம் லாபம் எங்கிருந்து வருகிறது என்றால், சந்தாவிலிருந்துதான். 2024 கணக்காண்டில் சந்தா வருமானம் மட்டும் சுமார் 480 கோடி அமெரிக்க டாலர். அதாவது சாமானை விற்பது ஒரு பக்கம் இருக்க, அவர்கள் முக்கியமாக விற்பது வாசல்படியை.

மகள் வீட்டுக்கு இது கட்டுப்படியாகிறதா என்று ஒரு மாத ரசீதுகளை வாங்கிக் கணக்குப் போட்டேன். குமாஸ்தா புத்தி. நாலு பேர் குடும்பம், கார் இருக்கிறது, பெட்ரோலும் அங்கேயே போடுகிறார்கள், வீட்டுக்குக் கீழே ஆள் உயர ஃப்ரீசர். பத்து சதவீதம் மிச்சமானால்கூட வருஷம் 650 டாலருக்கு வாங்கினால் சந்தா திரும்பிவிடும். அவர்கள் இரண்டே மாதத்தில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். 130 டாலருக்கு இன்னொரு அட்டை உண்டு, வாங்கியதில் 2 சதவீதம் திருப்பித் தருவார்கள். கூடுதல் 65 டாலரை மீட்க வருஷத்துக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும், மாதம் 271. அதுவும் அவர்களுக்குக் கட்டும். ஆனால் பருப்பு வாங்கப் போனவர்கள் கூடாரமும் ஒரு டஜன் காலுறையும் வாங்கி வந்த ரசீதும் அதிலேயே இருந்தது. அதை மிச்சத்தில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். சிரித்தார்.

நான் ஊர் திரும்பிய பிறகு மகள் விடவில்லை. "அப்பா, அங்கேயும் ஆப்பில் வருஷச் சந்தா இருக்கு. நான் கட்டிடறேன். நீங்களும் அம்மாவும் படி இறங்கவே வேண்டாம்." போனைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி சொன்னாள்: "படி இறங்கலைன்னா முட்டி அப்படியே பூட்டிக்கும்டி."

சந்தா கட்டிச் சாமான் வாங்குவது நமக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் ஊர் நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 1844ல் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவில் பிரித்துக் கொடுத்தார்கள். அதே வழியில் 1904ல் இங்கே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நம் டி.யு.சி.எஸ். அதைத் தொடங்கியவர்களில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். 1974ல் நான் வேலை கிடைத்து ராயபுரத்தில் குடித்தனம் வைத்தபோது டி.யு.சி.எஸ். என்றால் சரியான எடை என்று அர்த்தம். அங்கே பங்குத்தொகை கட்டினால் கடையில் உங்களுக்கும் ஒரு பங்கு. காஸ்ட்கோ அட்டைக்கு அப்படி எதுவும் இல்லை, வருஷம் முடிந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். அட்டை என்றால் நம் குடும்ப அட்டையும் அட்டைதானே! சந்தா கிடையாது. 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசும் கிடையாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். சால் பிரைஸ் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.

மகளுக்குப் பதில் சொல்லும் முன் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். எங்கள் திருவொற்றியூர் குடியிருப்பில் நான்கு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கொத்தவால்சாவடி போனேன். காய்கறி 1996ல் கோயம்பேடு போய்விட்டாலும் மளிகை மொத்தக் கடைகள் அந்தத் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினோம். அரிசி இரண்டு மூட்டை. மூட்டை 26 கிலோ. இது ஏன் 25 இல்லை என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. அதனால் மூட்டை ஒரு கிலோ பருத்துவிட்டது!

எங்கள் தெருவில் இருக்கும் அண்ணாச்சி கடை விலையோடு ஒப்பிட்டேன். அரிசியில் கிலோவுக்கு 6 ரூபாய் குறைவு, 52 கிலோவுக்கு 312. துவரம்பருப்பு எட்டு கிலோவில் 112. கடலெண்ணெய் 15 லிட்டர் டின்னில் 180. மிளகாய், மல்லி மூன்று கிலோவில் 120. ஆக 724 ரூபாய் மிச்சம். போக மெட்ரோ, வர ஆட்டோ, மூட்டை ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் 410. பாக்கி 314. நான்கு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 78 ரூபாய் 50 காசு. "அரை நாள் அலைஞ்சு எழுபத்தெட்டு ரூபாயா?" என்றாள் வீட்டுக்காரி. ஐம்பது காசை விட்டுவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேர்தான். மாதம் ஐந்து கிலோ அரிசி தீராது. கடல் காற்றில் பருப்பு மூன்றாம் மாதமே வண்டு வைத்துவிடும், வேப்பிலை போட்டாலும், மிளகாய் போட்டாலும். ஆப்புச் சந்தா இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்பது உண்மைதான், அரைக் கிலோகூட வாசலுக்கு வரும். ஆனால் இவ்வளவுக்கு மேல் வாங்கினால்தான் இலவச டெலிவரி, 99 ரூபாய்க்கு இது, 199க்கு அது என்று இழுப்பார்கள். பிரெஞ்சில் 99 என்பதை 'நாலு இருபது, பத்து, ஒன்பது' என்று கூட்டிச் சொல்ல வேண்டும். அப்படிக் கூட்டும்போதே அது நூறு என்று தெரிந்துவிடுகிறது. அந்தப் பள்ளிப்படிப்பால் இன்றுவரை மிஞ்சியிருக்கும் லாபம் இது.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறு. மூட்டைகளோடு ஆட்டோவில் இறங்கியதை அண்ணாச்சி பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான் தேங்காய் வாங்கும்போது, "ஆடி கழிஞ்சதும் கடையை விட்டுட்டு ஊருக்கே போயிரலாமான்னு இருக்கேன் சார்" என்றார். மாத வியாபாரத்தில் அரிசியும் எண்ணெயும்தான் வாடகைக்குத் தேறுமாம். அவை இப்போது பல வீடுகளுக்கு ஸ்கூட்டரில் வருகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. மகள் அங்கிருந்து எந்த ஆப்பில் பதிவு செய்தாலும், சேவை இல்லை என்றே வந்தது. அண்ணாச்சி கடைக்குள்ளும் தண்ணீர்தான். மேல் தட்டில் இருந்த பால் பவுடரையும் பிரெட்டையும் மெழுகுவத்தியையும் நாங்கள் மாடியிலிருந்து இறக்கிய பக்கெட்டில் போட்டு அனுப்பினார். கணக்கு அவர் நோட்டில். எந்த வீட்டிடமும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. இதற்கு நான் எந்தச் சந்தாவும் கட்டியிருக்கவில்லை. ஒருவேளை, கிலோவுக்கு அந்த ஆறு ரூபாய்தான் சந்தாவோ?

நான்கு வீடும் உட்கார்ந்து பேசினோம். அரிசி, எண்ணெய், பருப்பு மூன்றும் அண்ணாச்சியிடமே. மொத்தமாக வாங்குவது கெடாத சாமான் மட்டும்: புளி, மிளகாய், மல்லி, கல்லுப்பு. அதுவும் மாசி பங்குனியில் புதுப் புளி வரும்போது வருஷத்துக்கு ஒரு தடவை. ஆட்டோ வேண்டாம், சக்கரம் வைத்த பை போதும். மகளிடம், சந்தாப் பணத்துக்குப் பதிலாக அம்மாவுக்கு முட்டிக்கு உறை ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னேன். காஸ்ட்கோவில் இரண்டாகத்தான் கிடைக்குமாம். ஒன்று எனக்கு.

அண்ணாச்சியிடம் நான்கு வீட்டு அரிசிச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்றாம் மாடிக்காரருக்கு மட்டும் புழுங்கல் வேண்டாம், பச்சரிசிதான் வேண்டும். அதை அவர் தனியாக எழுதிக்கொண்டார். ஆடி கழிந்து என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.