உரிமையைக் கேட்பதற்கும் ஓர் அளவு உண்டு



தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையோரத்து ஊர் ஒன்றின் மத்ரஸாவில் நாம் ஓதிக்கொடுத்து வருகிறோம். வீட்டிலிருந்து மத்ரஸாவுக்கு ஒன்பது கிலோமீட்டர். பதினொரு ஆண்டுகளாக அந்தத் தூரத்துக்கு நமக்குத் துணை, 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று. சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன், வாசலில் சிமெண்டுத் தரையில் கறுப்பு வட்டம் ஒன்று படிந்திருப்பதை வீட்டார்தாம் முதலில் காட்டினார்கள். குனிந்து பார்த்தோம். இன்ஜினின் இடப்புறம், கியர் மிதிக்கும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் மாற்றுச் சமயத்தைச் சேர்ந்தவர். முப்பது வயதுக்குள் இருப்பார். உதவிக்கு ஒரு பையனையும் வைத்திருக்கிறார். "லீக்கை நிறுத்திக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாட நேரமாகிவிட்டதால் பேருந்தில் ஏறிவிட்டோம். மாலையில் வண்டி தயாராக இருந்தது. கியர் ஷாஃப்டின் ஆயில் சீலை மாற்றியதாகச் சொன்னார். புது ஆயில், சீல், கூலி எல்லாம் சேர்த்து 700 ரூபாய். கொடுத்துவிட்டு வந்தோம்.

ஐந்தாம் நாள் அதே வட்டம் அதே இடத்தில் படிந்தது.

இரண்டாம் முறை சென்றபோது, போல்ட்டுகளை முறுக்கி, ஓரத்தில் பேஸ்ட் தடவி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாம் முறை, "பழைய வண்டி பாய், இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். மத்ரஸா ஆசிரியர் ஒருவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்ன பெறுமதி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அங்கே பேசாததையெல்லாம் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் பேசினோம். மோதினார், மளிகைக் கடை வைத்திருப்பவர், நம்மிடம் ஓதிய முன்னாள் மாணவர், பார்சல் வண்டி ஓட்டும் சகோதரர் என நால்வர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அவர் ஏமாற்றுக்காரர். வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து, திரும்பத் திரும்ப வரவைக்கிறார்" என்றோம். சொன்னபோது நெஞ்சு லேசானதுபோல் இருந்தது.

பத்து நாள் கழித்து, பார்சல் வண்டிச் சகோதரர் நம்மைக் கண்டதும் மகிழ்ச்சியோடு சொன்னார்: "ஹஜ்ரத், நீங்க சொன்னதைத் தெரு குரூப்புல போட்டுட்டேன். இப்ப நம்ம தெருவுல இருந்து ஒரு வண்டிகூட அங்க போறதில்ல." நமக்கு நன்மை செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. நமக்கோ வயிற்றைப் பிசைந்தது. நாம் சொன்னது வாசலோடு நின்றுவிடும் என்று எண்ணியிருந்தோம்.

அந்த வாரம் வகுப்பில் குதூரியின் இஜாரா பாடம் நடந்துகொண்டிருந்தது. ஹிஜ்ரி 428-இல் பக்தாதில் மறைந்த இமாம் குதூரி அவர்கள், கூலிக்கு உழைப்பவர்களை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒருவர், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரிடம் மட்டும் வேலை செய்பவர். காலத்தைக் கொடுத்தாலே கூலிக்கு உரியவர். மற்றவர், பலருக்கும் பொதுவாகத் தொழில் செய்பவர். வேலையைச் செய்தால்தான் கூலிக்கு உரியவர். துணிக்குச் சாயமிடுபவரும் சலவை செய்பவரும் இரண்டாம் வகைக்கு அந்நூல் தரும் உதாரணங்கள். நம் காலத்துக்குப் பொருத்திக் காட்டுவதற்காக, "வண்டிப் பட்டறைக்காரரும் இந்த வகைதான்" என்றோம்.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், பட்டறைக்காரரிடம் எந்த வேலையைச் செய்யச் சொல்லி ஒப்பந்தம்? சீலை மாற்றுவதா, லீக்கை நிறுத்துவதா? சீலை மாற்றுவதுதான் வேலை என்றால் அவர் செய்துவிட்டாரே!"

நம் வண்டிக் கதை அம்மாணவருக்குத் தெரியாது. பாடத்தைப் புரிந்துகொண்டு கேட்ட கேள்விதான் அது. இஜாரா செல்லுபடியாவதற்கு வேலையும் கூலியும் இன்னவை என்று தெளிவாக இருக்க வேண்டும் என்று சற்று முன்பு நாமே ஓதிக்கொடுத்திருந்தோம். ஆனால் அன்று பேருந்து பிடிக்கும் அவசரத்தில், என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும், மறுபடி கசிந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றில் ஒன்றைக்கூட நாம் கேட்கவில்லை. லீக்கை நிறுத்தத்தான் பணம் கொடுத்தோம் என்று நாம் எண்ணிக்கொண்டோம். சீலை மாற்றியதற்குப் பணம் வாங்கினோம் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மறுநாள் லுஹருக்குப் பிறகு, பட்டறையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துச் சென்றோம். "தம்பி, சண்டைக்கு வரவில்லை. ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்றோம். அவர் சிறிது தயங்கினார். பிறகு பையனை அழைத்தார்.

இன்ஜினின் இடப்புறத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டார்கள். அதன்மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டார்கள். வெள்ளைப் பவுடரின்மீது ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. அது தொடங்கிய இடம் கியர் ஷாஃப்ட் அன்று. முன் சக்கரப்பல்லின், அதாவது ஸ்ப்ராக்கெட்டின், பின்னாலிருக்கும் சீலிலிருந்து வழிந்து, கியர் ஷாஃப்டின் ஓரமாக இறங்கிக் கீழே சொட்டியிருக்கிறது. சங்கிலி கிரீஸும் சாலைத் தூசியும் அப்பியிருந்ததால் சொட்டிய இடத்தைப் பார்த்தாரே தவிர, தொடங்கிய இடத்தை அவர் தேடவில்லை. "கழுவிட்டுப் பார்த்திருக்கணும் பாய். அவசரத்துல விட்டுட்டேன்" என்றார்.

பிறகு அளவுக்குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. "நடுவுல ஆயில் ஊத்துனீங்களா?" என்றார். ஊற்றியிருந்தோம். இன்ஜின் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், அளவு பார்க்காமலே இரண்டு முறை. ஆயில் அளவுக்கு மிஞ்சினால் உள்ளே அழுத்தம் கூடி, பலவீனமான சீல் வழியாக வெளியே தள்ளும் என்று அவர் விளக்கினார். அவர் பிழை செய்திருந்தார் என்பது உண்மை. அந்தப் பிழையை நாம் பெருக்கியிருந்தோம் என்பதும் உண்மை.

புதுச் சீல் 60 ரூபாய். அதை நாம் கொடுத்தோம். அன்றைய வேலைக்கு அவர் கூலி வாங்கவில்லை. பேஸ்ட் தடவியதற்கு வாங்கிய 150 ரூபாயையும் மேசை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டோம். அது நம் உரிமை. மனமுவந்து திருப்பித் தருகிறவரிடம் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டுவதைவிட, கணக்கு நேராவதே இருவருக்கும் நல்லது என்று தோன்றியது. முதல் நாள் கூலியை நாம் கேட்கவில்லை. ஒப்பந்தம் தெளிவில்லாமல் போனதில் நமக்கும் பங்கு இருந்தது.

ஆனால் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. "தம்பி, உங்களை ஏமாற்றுக்காரர் என்று பள்ளிவாசல் வாசலில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டோம். மன்னிக்க வேண்டும்" என்றோம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தார். "அதான் பத்து நாளா உங்க தெரு வண்டி ஒண்ணும் வரலையா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

சகோதர, சகோதரிகளே! அநீதிக்குள்ளானவர் குரல் எழுப்ப மார்க்கம் தடை செய்யவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களை வகுத்துக் காட்டும்போது, நீதி வழங்கக்கூடியவரிடம் முறையிடுவதையே முதலாவதாக வைக்கிறார்கள். மக்களை எச்சரிப்பதற்கும் அந்த ஆறில் இடமுண்டு. ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள் தம் கணவர் போதிய செலவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அண்ணலார் அவரைக் கண்டிக்கவில்லை. கணவர் பொருளிலிருந்து தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். முறையீடும் உண்டு, அதற்கோர் அளவும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

நாம் எங்கே அளவு மீறினோம்? "மூன்று முறை கொடுத்தும் கசிவு நிற்கவில்லை" என்று சொல்லியிருந்தால் அது நடந்த செய்தி. "வேண்டுமென்றே செய்கிறார்" என்றது, பிறர் நெஞ்சுக்குள் இருப்பதை நாம் அறிந்ததாகச் சொன்ன சொல். உள்ள குறையைச் சொன்னால் புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியதைப் பல ஆண்டுகளாக ஓதிக்கொடுத்தும், கோபம் வந்தபோது அந்த வேறுபாடு நம் நாவுக்குத் தெரியவில்லை. மேலும், நீதி செய்யக்கூடியவரிடம் நாம் போகவே இல்லை. முதலில் அந்தத் தம்பியிடமே பேசியிருக்க வேண்டும். அவர் மறுத்திருந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் பெற்றுச் செய்யும் சேவையின் குறைபாட்டுக்கும் வழியுண்டு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். பள்ளிவாசல் வாசலில் நின்ற நால்வராலும் நமக்கு ஒரு ரூபாயைக்கூட மீட்டுத் தந்திருக்க முடியாது.

இப்போது வண்டியை விடும்போது ஒரு சிறு தாளில் எழுதிக்கொள்கிறோம்: என்ன குறை, என்ன வேலை, உத்தேசச் செலவு எவ்வளவு, மறுபடி வந்தால் என்ன செய்வது. கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். பழுதின் மூலத்தைக் காட்டிய பிறகே பிரிக்கச் சொல்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் வழிகாட்டியிருப்பதன் பயன் பட்டறை வாசலிலும் தெரிகிறது. எழுதுவது அவநம்பிக்கை ஆகாது. இருவர் மனத்திலும் ஒரே ஒப்பந்தம் இருக்கச் செய்யும் வழி அது.

நால்வரிடமும் தனித்தனியே சென்று நாம் சொன்னது தவறு என்றோம். தெருக் குழுவிலும் நம் பெயரிட்டு எழுதினோம். "இதெல்லாம் ஒரு விஷயமா ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்டார். அந்தப் பட்டறைப் பையனின் வாரக் கூலி அந்தப் பத்து நாட்களில் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் என்று பதில் எழுதினோம்.

வாசல் தரை இப்போது காய்ந்து கிடக்கிறது. நம் தெருவிலிருந்து மூன்று வண்டிகள் மீண்டும் அந்தப் பட்டறைக்குப் போகின்றன. முன்பு எத்தனை போயின என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

உரிமையைக் கேட்கும்போது அளவு மீறாத நாவையும், மீறிவிட்டால் திரும்பிச் சென்று சரிசெய்யும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.