திறப்பதற்கு முன்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ, சமையலறையில் நிற்கும் எந்தத் தாயும் பிரஷர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியவுடனே திறந்துவிட மாட்டார். ஆவி அடங்கும்வரை பொறுத்திருப்பார். வெயிட்டைச் சற்றே தூக்கிப் பார்ப்பார். சீற்றம் ஓய்ந்த பின்னரே மூடியில் கை வைப்பார். உள்ளே அடைபட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அது இருக்கிறது என்பதை அவர் அறிவார். ஆலையில் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் கல்வியும் இங்கேதான் தொடங்குகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலைச் செய்து ஓய்வு பெற்றவன் நான். சாந்தோமில் வாழும் என் தங்கையின் மகன், தொழிற்பயிற்சியை முடித்து, அண்மையில் வடசென்னையில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். “வால்வைக் கழற்றுவதில் அப்படி என்ன ஆபத்து, அண்ணா? நம் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றுவது போலத்தானே?” என்று தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்ன விடையை, அவளைப் போலவே பிள்ளைகளையும் கணவன்மாரையும் ஆலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக் குழாயை நாம் கையால் திருகுகிறோம். ஆலையில் ஓடும் நீராவியையும் எண்ணெயையும் வாயுவையும் அவ்வாறு இரவும் பகலும் ஒருவர் நின்று திருகிக்கொண்டிருக்க இயலாது. அந்த வேலையைச் செய்வதே கட்டுப்பாட்டு வால்வு. அதன் தலைப்பகுதியில் ரப்பர் டயாபிரமும் வலிய ஸ்பிரிங்கும் இருக்கும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டம் கட்டளையாக வரும். பொசிஷனர் என்னும் கருவி அதற்கேற்பக் காற்றழுத்தத்தை டயாபிரத்துக்கு அளிக்கும். தண்டு நகரும், அதன் முனையிலுள்ள பிளக், சீட் வளையத்தை நெருங்கியோ விலகியோ நின்று ஓட்டத்தை அளவாக விடும். காற்று தடைப்பட்டால், ஆலைக்கு எது பாதுகாப்போ அதற்கேற்ப, ஸ்பிரிங் வால்வை முழுதும் மூடிவிடும். அல்லது முழுதும் திறந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் உழைத்தபின் பிளக்கும் சீட்டும் அரிபடும். தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் பாக்கிங் தேய்ந்து கசியும். அப்போதுதான் வால்வைக் கழற்ற நேரிடுகிறது. ஓட்டத்தை மாற்றுக் குழாய் வழியே திருப்பி, வால்வின் இருபுறமும் உள்ள அடைப்பு வால்வுகளை மூடிப் பூட்ட வேண்டும். இடையில் தேங்கியதை வடித்துவிட வேண்டும். காற்றுக் குழாயையும் துண்டிக்க வேண்டும். அழுத்தமானி சுழியைக் காட்டினாலும் அதை முற்றிலும் நம்பலாகாது. வடிகுழாயில் கசடு அடைத்திருந்தால் அழுத்தம் உள்ளேயே பதுங்கியிருக்கும். ஆகவே மூடியின் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராக ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தி, ஒதுங்கி நின்று மூடியை மெல்ல அசைக்க வேண்டும். ஏதேனும் எஞ்சியிருந்தால் அந்தச் சிறு இடைவெளியில் சீறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மூடியை நட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்பிரிங்கும் அப்படியே. குழாய் முழுதும் காலியான பின்னரும் அது அழுந்திய நிலையில் காத்திருக்கும். பலவகை வால்வுகளில் அதன் உறையைக் குட்டையான போல்ட்டுகளோடு சில நீண்ட போல்ட்டுகளும் பிடித்திருக்கும். குட்டையானவற்றை முதலிலும் நீண்டவற்றைக் கடைசியிலும், சிறிது சிறிதாகத் தளர்த்தினால்தான் ஸ்பிரிங்கின் விசை அமைதியாக வெளியேறும். அதன் பிறகு பிளக்கைத் தூக்குவதும், சீட்டைக் கிரைண்டிங் பேஸ்ட் இட்டுத் தேய்ப்பதும், நீலச்சாயம் தடவிப் பொருத்தம் பார்ப்பதும், புதிய கேஸ்கெட்டும் பாக்கிங்கும் இடுவதும் பழகினால் கைவந்துவிடும்.

எளிதில் கைவராத பாடம் வேறொன்று. வட கடலில், ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால், பைபர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று பகலில், அங்கே ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினர். அது கட்டுப்பாட்டு வால்வு அன்று. அழுத்தம் மிகும்போது திறக்கும் வால்வு. மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த குழாய் வாயை ஓர் இரும்புத் தகட்டால் மூடிவிட்டுச் சென்றனர். இரவில் மற்றொரு பம்பு நின்றுபோகவே, இரவுப் பணியாளர் இந்தப் பம்பை இயக்கினர். அதில் வால்வு இல்லை என்ற செய்தி அவர்களை எட்டியிருக்கவில்லை. தகட்டின் ஓரமாக வாயு கசிந்தது. இரவு பத்து மணியளவில் மேடை வெடித்துத் தீப்பற்றியது. மாண்டவர்கள் 167 பேர். அவர்களுள் இருவர் மீட்கச் சென்றவர்கள். 61 பேர் பிழைத்தனர். கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990-ல் வெளிவந்தது. 106 பரிந்துரைகளை அது கூறியது. பணி அனுமதிச் சீட்டு முறையிலும் ஷிப்ட் மாறும்போது செய்தியை ஒப்படைப்பதிலும் இருந்த குறைகளை அது விரிவாக எடுத்துக்காட்டிற்று.

வால்வைக் கழற்றியவருக்கு அது கழற்றப்பட்டிருப்பது தெரியும். அடுத்து வருபவருக்குத் தெரியாது. அந்த அறியாமையும், குழாய்க்குள் அடைபட்ட அழுத்தத்தைப்போலக் கண்ணுக்குப் புலப்படாதது. பூட்டின் சாவியை வேலை செய்பவர் தம்மிடமே வைத்திருப்பதும், எச்சரிக்கை அட்டையில் பெயரும் நேரமும் எழுதிக் கட்டுவதும் இதற்காகவே. நான் வேலை கற்ற மேஸ்திரி இதோடும் நிறைவடைய மாட்டார். முடியாத வேலை இருந்தால், அடுத்த ஷிப்ட்டுக்காரரை அந்த வால்வின் அருகே அழைத்துச் சென்று, கழற்றிய இடத்தைக் காட்டி, “என்ன புரிந்தது, சொல் தம்பி” என்று கேட்பார். அவர் சொல்லக் கேட்ட பின்னரே உடை மாற்றுவார். மந்தைவெளிக்குப் போகப் பாரிமுனையில் பேருந்து மாற வேண்டியவர் அவர். இதனால் பேருந்தைத் தவறவிட்ட நாட்கள் பல. யாரோ ஒருவருடைய பிள்ளை அந்த இரவில் நலமாக இருப்பதற்கு அவர் கொடுத்த விலை அது.

என் தங்கையிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். இரவு வேலைக்குப் போகும் பிள்ளையைப் பகலில் நன்றாக உறங்க விடவேண்டும். விருந்து, கடைத்தெரு என்று அலைக்கழிக்கக்கூடாது. தளர்ந்த கண்ணுக்கு அட்டையில் எழுதியது தெரியாது. மற்றொன்று, வேலை முடிந்து அவன் அரைமணி தாமதமாக வந்தால், “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கடிந்துகொள்ள வேண்டாம். சோற்றைச் சூடாக வைத்திருந்தால் போதும். தனக்குப் பின் வந்தவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்திருப்பான்.